தப்புச்செடி முளைக்காத வீடு

சுண்டங்குறிச்சியில் முதல் தப்புச்செடி முளைத்தது அணஞ்சபெருமாள் வீட்டு வாசலில். முந்தின நாள் அவர் மருமகன் முறைப் பையன் ஒருவனின் கல்யாணத்துக்கென்று சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறிப் போனார். ஒரே தெருவில் அடுத்தடுத்து இருந்த இரண்டு மண்டபங்களில் தப்பான மண்டபத்துக்குள் நுழைந்து, பன்னீர் தெளித்தவர்களிடம் சௌக்கியம் விசாரித்து, முன்வரிசையில் உட்கார்ந்து, தாலி கட்டும்போது அட்சதை தூவிக் கண்கலங்கி, பந்தியில் பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கிக் குடித்து, மாப்பிள்ளையின் தோளைத் தட்டி "ஒங்கப்பன் இருந்து பாக்கக் குடுத்துவைக்கலயேப்பா" என்று அழுதுவிட்டு வந்தார். மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை தண்ணீர் தெளிக்க வந்த அவர் சம்சாரம், வாசற்படியை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி நிற்பதைப் பார்த்தாள். உள்ளங்கை அகல இலை, லேசான கசப்பு வாசம். ஏதோ பறவை போட்ட விதையாக இருக்கும் என்று பிடுங்கி எறிந்தாள். அதற்கடுத்த நாளும் அது அதே இடத்தில் நின்றது.

பிறகு எல்லா வாசலிலும் முளைக்க ஆரம்பித்தது. பருப்புக்கு உப்பு போடுவதாக நினைத்துச் சீனியைப் போட்ட வீட்டில் ஒன்று, பெண் பார்க்க வந்தவர்களிடம் அக்காளுக்குப் பதில் தங்கச்சி கையில் காப்பித் தட்டைக் கொடுத்தனுப்பிய வீட்டில் ஒன்று, மழை வராது என்று சத்தியம் பண்ணி மிளகாய் வற்றலைக் காயப்போட்ட வீட்டில் வரிசையாக மூன்று என்று, பெரிய தப்புக்குப் பெரிய செடியும் சின்னத் தப்புக்குச் சின்னச் செடியுமாக, விடிந்து பார்த்தால் ஏதாவது ஒரு வாசலில் பச்சை தெரிந்தது. பொய்க்கும் களவுக்கும் ஏய்ப்புக்கும் மட்டும் முளைக்கவில்லை. பாலில் தண்ணீர் கலப்பவர் வீட்டு வாசல் மொட்டையாகக் கிடக்கிறதே, இது என்ன நியாயம் என்று டீக்கடையில் பேச்சு வந்தபோது, இந்தத் துறையில் மூத்தவர் என்ற முறையில் அணஞ்சபெருமாள்தான் தீர்ப்புச் சொன்னார்.

"தெரியாமச் செஞ்சாத்தான்வே தப்பு. தெரிஞ்சு செஞ்சா அதுக்குப் பேரு வேற."

முதல் வருஷம் ஊர் வெட்கப்பட்டது. சேவல் கூவுமுன் எழுந்து பிடுங்கினார்கள், வெந்நீர் ஊற்றினார்கள், அண்டாவைக் கவிழ்த்து மூடினார்கள். செடி அண்டாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் தன் வாசலைத் தார்ப்பாய் போட்டு மறைத்து, குடோன் கட்டப் போவதாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு வாரத்தில் கொடி தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு மொட்டைமாடியில் இருந்த கொடிக்கம்பத்தில் ஏறிவிட்டது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் வாசலைப் பார்த்தார்கள். ஊருக்குள் பாதிப் பேர் மீதிப் பேரின் வாசலைப் பார்க்கவென்றே காலையில் நடைப்பயிற்சி போனார்கள். நம்ம சனத்துக்குச் சொல்லியா தரவேண்டும்?

அப்புறம் கோடை வந்தது. அக்கினி நட்சத்திரத்தில் குளம் வறண்டு, தார்ரோடு இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தபோதுதான், அதிகம் தப்புப் பண்ணிய வீடுகளுக்குள் மட்டும் குளுகுளுவென்று இருப்பதை எல்லாரும் கவனித்தார்கள். கவனித்த பிறகு யாரும் பிடுங்கவில்லை. செடி மரமாகி, மரத்தில் கொடி ஏறி, தெருவே பந்தல் போட்டதுபோல ஆகிவிட, மத்தியானங்களில் ஒருவர் தப்பின் நிழலில் இன்னொருவர் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, இது சோடா உப்பைக் கொட்டி இட்லி மஞ்சளாய்ப் போனது, இது கொழுந்தன் என்று நினைத்துத் தபால்காரர் முதுகில் அடித்தது என்று பேசிப் பேசித் தூங்கிப்போனார்கள். கொழுந்து இலையைப் பறித்துப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தார்கள். கொஞ்சம் கசந்தாலும் சோற்றுக்கு ஒத்துப்போனது. மனுஷனுக்குப் பழகாதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது.

பாலில் தண்ணீர் கலப்பவர் வீட்டிலும் கணக்குப் பிசகி ஒன்று முளைத்த பிறகு, ஊரில் ஒரே ஒரு வாசல்தான் வெறுந்தரையாகக் கிடந்தது. கிணற்றுத் தெருவில் சங்கரவடிவு வீட்டு வாசல் அது.

வடிவு அரசு ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று மருந்து கொடுக்கிறவள். அந்த ஜன்னலில் அவள் கை ஒருநாளும் பிசகியதில்லை. சீட்டைப் படித்து, மாத்திரையை எடுத்து, மறுபடி சீட்டைப் பார்த்து, ஆளின் முகத்தைப் பார்த்து, காலையில் எது ராத்திரி எது என்று அவரையே திருப்பிச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். மாத்திரையில் தப்பு வந்தால் உயிர் போய்விடும், வாசலில் செடி முளைத்து என்ன புண்ணியம்? அதில் அவளைக் குறை சொல்ல எவராலும் முடியாது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது அந்த ஜன்னலையும் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். கேஸை மூடிவிட்டுத் திரும்ப வந்து பார்ப்பாள், பூட்டை இழுத்துவிட்டுத் திரும்ப வந்து இழுப்பாள். புருஷன் இருந்த காலத்தில் அவர் மடித்த வேட்டியை எடுத்து மறுபடி மடித்தாள். மகள் செண்பகவல்லி சின்னப்பிள்ளையாகப் போட்ட கோலத்தில் ஒரு இழை கோணினாலும் காலால் அழித்துத் "திரும்பப் போடு" என்றாள். பிள்ளை ஒருநாள் புள்ளியோடு நிறுத்திக்கொண்டு உள்ளே போனது. அதற்குப் பிறகு கோலமாவு டப்பாவைத் தொடவே இல்லை.

செடி முளைக்காத வாசல் என்று முதலில் வடிவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார்கள். பெருமை எத்தனை நாளைக்குத் தாங்கும்? வெயில் அந்தத் தெருவில் இறங்குவதற்கு அந்த ஒரு இடம்தான் பாக்கி என்பதால், மொத்தமும் அங்கேயே இறங்கியது. சுவர் கொதித்தது, குடத்துத் தண்ணீர் கொதித்தது, பூனைகூட அந்த முற்றத்தைத் தாண்டாமல் சுற்றிப்போனது. மனிதர்களும் அப்படித்தான் போனார்கள். வடிவுக்கு அலுப்பாக இருந்தது. எதற்கு அலுப்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை அது. எப்போதும் சரியாக இருக்கிறவளுக்கு உட்கார இடம் கிடையாது, நின்றுகொண்டேதான் இருக்கவேண்டும்.

செண்பகவல்லியைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் கர்ப்பம் மூன்றாம் மாசத்திலேயே கலைந்துவிட்டது. தகவல் வந்ததும் வடிவு அடித்துப் பிடித்து ஓடினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மகளின் நெற்றியில் கையை வைத்தாள். வைத்த கையோடு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "பஸ்ல போகாதன்னு அன்னைக்கே சொன்னேம்லா" என்பதுதான். செண்பகவல்லி சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் ஊர் திரும்பிய வடிவு, முதல் வேலையாக வாசலைத்தான் பார்த்தாள். வெறுந்தரை. அப்போ நாம் சொன்னது தப்பில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு மகள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் இரண்டு வார்த்தை, அவ்வளவுதான்.

இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். வைகாசியில் வளைகாப்பு. வளைகாப்பு முடிந்த கையோடு பெற்றவள் மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், பிள்ளைப்பேறு அம்மா வீட்டில்தான். யார் வீட்டிலும் அதுதான் வழக்கம். வடிவு அறையைக் கழுவி, புதுப் போர்வை வாங்கி, ஏசிகூட மாட்டிவிட்டுப் போன் பண்ணினாள்.

"அம்மா, நான் இங்கனயே இருந்துக்கிடுதேனே" என்றாள் செண்பகவல்லி.

"ஏன்ட்டி? ஊரு என்ன சொல்லும்?"

"அங்க நிழலே கெடையாதுல்லாம்மா."

"ஏசி மாட்டிருக்கேன்ட்டி."

"ஏசி நிழலாம்மா?"

ஏசியின் விலை, குளிர், நட்சத்திரக் குறி எல்லாம் வடிவுக்குத் தெரியும், அது நிழலா என்பது மட்டும் தெரியாது. போனை வைத்துவிட்டு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது மகள் ஒருத்திதான். இந்தத் தடவையும் அவள் வராவிட்டால் இனி எப்போதும் வரமாட்டாள் என்பது, ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினதுபோல வடிவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வாசலில் ஒரு செடியாவது வேண்டும். விடிந்ததும் அடுத்த வீட்டு ராசாக்கனியிடம் போனாள். ராசாக்கனி வீட்டு வாசல் ஊரிலேயே பெரிய காடு. அவள் செய்யாத தப்பு இல்லை. ஒருதடவை தன் பிள்ளையை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருப் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள்.

"எனக்கு ஒரு தப்பு சொல்லிக்குடு ராசாக்கனி."

ராசாக்கனி சிரித்து உருண்டுவிட்டு, வடிவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "யக்கா, அது சொல்லிக்குடுத்து வாரதா?" என்றாலும் மனசு கேட்காமல் தன் வாசலில் இருந்து ஒரு கன்றை வேரோடு பெயர்த்து வடிவு வாசலில் நட்டுக்கொடுத்தாள். மறுநாள் அது அங்கே வாடிக் கிடந்தது. ராசாக்கனி வாசலில் அது இருந்த இடத்தில் புதுக் கன்று நின்றது.

அதன்பிறகு வடிவு தானே இறங்கினாள். சாம்பாரில் இரண்டு தடவை உப்பு போட்டாள். சேலையை உள்பக்கம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டு கடைக்குப் போய்வந்தாள். தென்காசி பஸ்ஸில் ஏறவேண்டியவள் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினாள். ஊரே ஆளாளுக்கு யோசனை சொன்னது. அணஞ்சபெருமாள் தன் அனுபவத்தில் நல்ல மண்டபம் ஒன்றைச் சொல்லி, கூடவே வருவதாகவும் சொன்னார். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் வடிவு கதவைத் திறந்து பார்த்தாள். பெருக்கித் தண்ணீர் தெளித்த தரைதான் கிடந்தது.

"நீங்க தப்பக்கூட சரியாப் பண்ணுதீங்கக்கா. அப்புறம் எங்கன மொளைக்கும்?" என்றாள் ராசாக்கனி வருத்தமாக.

வளைகாப்பு நாளும் வந்துவிட்டது. வாசல் மொட்டையாகவே இருந்தது. வடிவு புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், எள்ளு என்று கலந்த சாதங்களை வகைக்கொரு தூக்கில் எடுத்துக்கொண்டாள். எதிலும் உப்பு கூடவில்லை, குறையவில்லை. வளையலும் வாங்கிவைத்திருந்தாள், பச்சையும் சிவப்புமாக. கடைக்காரர் "பிள்ளை கை அளவு என்னம்மா?" என்று கேட்டதற்கு, "பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று யோசிக்காமல் சொல்லி வாங்கிய வளையல். காரில் போகும்போது ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மகளிடம் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வழிநெடுக யோசித்தாள், ஒரு வார்த்தையும் சரியாக அமையவில்லை.

கோவில்பட்டியில் சம்பந்தி வீடு நிறைய ஆட்கள். செண்பகவல்லி நாற்காலியில் மாலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் "வாங்கம்மா" என்றாள். வந்தவர்களுக்கெல்லாம் சொன்ன அதே "வாங்கம்மா." எப்போதும் 'வா' என்று கூப்பிட்ட பிள்ளை. வடிவு குனிந்து மகளின் கன்னத்தில் சந்தனம் பூசினாள், வளையலை எடுத்தாள், மகளின் கையைப் பிடித்தாள்.

முதல் வளையல் விரல் கணுவில் நின்றது. வடிவு விரல்களைக் குவித்து லேசாக அழுத்தினாள். போகவில்லை. கைக்கு எண்ணெய் தடவுங்கள் என்று யாரோ சொன்னார்கள். "அளவு சரிதான்" என்று சொல்லிக்கொண்டே வடிவு இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

வளையல் உடைந்தது.

இரண்டு துண்டு தரையில் விழுந்தது, ஒரு துண்டு செண்பகவல்லியின் மணிக்கட்டைக் கீறியது. சின்னதாக ரத்தம் பூத்தது. வளைகாப்பில் வளையல் உடைந்தால் என்னவென்று அங்கிருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும் என்பதால், பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட, சம்பந்தியம்மாள் வாயில் கையை வைத்துக்கொள்ள, அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கொஞ்சநேரம் கேட்டு அதுவும் நின்றது. எல்லாரும் வடிவைப் பார்த்தார்கள். வளையல் மட்டம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், பிள்ளை கையை அசைத்துவிட்டாள் என்று சொல்ல எத்தனையோ இருந்தது. இத்தனை வருஷமும் அவள் வாய் அப்படித்தான் ஏதாவது ஒன்றைத் தயாராக வைத்திருந்தது.

வடிவு மகளின் கையைப் பார்த்தாள். பிள்ளைச் சுமையில் நீர்கோத்து உப்பிப்போன கை. விரலெல்லாம் தடித்து, கல்யாண மோதிரம்கூடக் கழற்றிவைக்கப்பட்ட கை. இந்தக் கையை அவள் இரண்டு வருஷமாகத் தொட்டதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன்ட்டி" என்றாள். "ஒன் கை அளவு எனக்குத் தெரியும்னு நெனச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலயேட்டி."

கண்ணீர் மூக்கோரமாக இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை. செண்பகவல்லி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முகத்தை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. மணிக்கட்டு ரத்தத்தைப் புடவை முந்தியில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"இன்னேரம் வாசல்ல மொளைச்சிருக்கும்மா" என்றாள். "வா, போய்ப் பாப்போம்."

"இப்பமா? ராகுகாலம்லா!" என்றாள் சம்பந்தியம்மாள். "மத்த வளையலப் போடணும், ஆரத்தி எடுக்கணும், பந்தி…"

"வந்து எடுத்துக்கிடலாம் அத்தை" என்று செண்பகவல்லி அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கலந்த சாதத் தூக்குகள் திறக்கப்படாமல் சுவரோரம் இருந்தன. வடிவு அவற்றை எடுக்கவும் இல்லை, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் இல்லை.

கார் கழுகுமலையைத் தாண்டியது. கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. செண்பகவல்லி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து அம்மாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். அந்தக் கனம் தோளில் இறங்கியதும் வடிவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில வச்சு… பஸ்ஸுன்னு சொன்னேம்லா" என்றாள் மெல்ல. "அதுவும் தப்புதான்ட்டி. பஸ்ஸால ஒண்ணும் போகல. மூணாம் மாசத்துல அது தானாப் போறதுதான். யாராலயும் இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும். மருந்து குடுக்கிறவளுக்குத் தெரியாதா? ஏதாவது சொல்லணும்னு…"

செண்பகவல்லி கண்ணைத் திறக்கவில்லை.

"தெரிஞ்சு சொன்னா அதுக்குப் பேரு வேறம்மா" என்றாள்.

வடிவு தலையை ஆட்டினாள். அதற்கு எந்த வாசலிலும் எதுவும் முளைக்காது, அந்த இடம் அப்படியே வெறுந்தரையாகத்தான் கிடக்கும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் தோளில் இருந்த தலை எழுந்திருக்கவில்லை. அப்படியே தூங்கிப்போனாள். தோள் மரத்துப்போனாலும் வடிவு அசையாமல் வந்தாள்.

கிணற்றுத் தெருவுக்குள் கார் நுழைந்தபோது உச்சி சாய்ந்திருந்தது. மரங்களுக்கும் கொடிகளுக்கும் நடுவே வடிவு வீட்டு முற்றம் மட்டும் வெள்ளையாகக் கொதித்தது. அங்கே தெருவே கூடி நின்றது. ராசாக்கனி இடுப்பில் குடத்தோடு நின்றாள், அணஞ்சபெருமாள் தோள் துண்டைத் தலைக்குப் போட்டிருந்தார். மாட்டையோ பிள்ளைகளையோ கிட்டே விடாமல் எல்லாரும் வட்டமாக எதையோ காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு மணிநேரம் முந்தித்தாங்கா பாத்தேன்" என்றாள் ராசாக்கனி. "என்னக்கா பண்ணுனீங்க?"

வடிவு குனிந்து பார்த்தாள். படிக்குப் பக்கத்தில், தினமும் அவள் பெருக்கும் இடத்தில், சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு முளை நின்றது. ரெண்டே ரெண்டு இலை. ஒரு இலையின் ஓரம் சரியாக விரியாமல் சுருண்டிருந்தது. பழக்கத்தில் அவள் கை அதை நிமிர்த்திவிட நீண்டது. பாதி வழியில் நின்றது. கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று செண்பகவல்லி மூச்சு வாங்கிக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். வீங்கிய காலைச் செருப்பில் இருந்து உருவி, சுடுதரையில் வைத்து, பின்னால் இழுத்து, மறுபடி மெதுவாக முன்னால் நகர்த்தி, அந்த இரண்டு இலைக்கும் கீழே கொண்டுபோய் வைத்தாள். கட்டைவிரல் மட்டும் நிழலுக்குள் போனது.

"நிழலு காணுதாட்டி, போதுமா?" என்று கேட்டாள் வடிவு. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"வெரலுக்குக் காணும்" என்றாள் மகள்.

வடிவு நிமிர்ந்து, வெயில் வருகிற பக்கமாகப் போய் நின்றாள். மீதிக் காலுக்கு அவள் நிழல் விழுந்தது.